கடைசிப் போஸ்ட்டு வீடு

அப்துல் அஜீஸிடம் நீங்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் வாதாடலாம், கரண்டைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடக் கூடாது. மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, பெரியகுளம், ஜெயமங்கலம், தேவதானப்பட்டி என்று ஊர் ஊராகப் போஸ்ட் ஏறி இறங்கி, கடைசியில் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற மனிதர். கம்பத்தில் அவர் குடியிருக்கும் தெருவில் ஒரு வீட்டு மிக்ஸி மெதுவாகச் சுற்றினால்கூட அவரைத்தான் வந்து கூப்பிடுவார்கள். அவரும் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வெறும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிடம் மூக்குடைபட்டார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டும். இப்போது அவரே அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

எல்லாம் மகள் ஃபர்ஹீனின் பிரசவத்தில் ஆரம்பித்தது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு தலைவிரித்தாடிய 2008ஆம் வருஷம். ஃபர்ஹீனைக் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் சலீமுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மலை ஏறி இறங்கினால் மகள் வீடு, பக்கம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முன்பே இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இந்த முறை தங்கியது. ஏழாம் மாசம் அழைத்து வருவதற்காக அஜீஸின் மனைவி அம்சத் பீவி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துத் துணி மடித்து வைத்திருந்தபோது, டாக்டர் குறுக்கே விழுந்தார். படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற பேச்சே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மகள் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்சத் பீவியைக் கேட்டுப் பாருங்கள். சம்பந்தியம்மா பாஜிலா நல்ல மனுஷி, எத்தனை மாசமானாலும் இங்கேயே வந்து இருங்கள் என்று மனசாரத்தான் சொன்னாள். இருந்தாலும் பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் மாசக்கணக்கில் கால் நீட்டிப் படுப்பதும், அவர்கள் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதும் இவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு, தாய்வீட்டுக் கூரை, தாய்வீட்டு மருந்து. அடுத்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது தாய் பார்த்த பிரசவமாகாது என்பது அம்சத் பீவியின் கட்சி.

அதைவிடப் பெரிய தடை அவளுடைய நெஞ்சில் இருந்தது. அவளுக்கு வீசிங். குளிரும் மூடுபனியும் பட்டால் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். பம்ப் அடித்தால் சில நாள் அடங்கும், சில நாள் அடங்காது. அடங்காவிட்டால் கரண்டில் ஓடி மருந்தைப் புகையாக்கித் தரும் ஆவி மிஷினைப் போட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். டவுனில் அதற்குக் கவலை இல்லை, மின்வெட்டு வந்தாலும் அஜீஸ் மாட்டிவைத்த இன்வெர்ட்டர் இருந்தது. சலீம் வீடோ மலையில், தோட்டத்துக்கு நடுவே, லைனின் கடைசிப் போஸ்ட்டில் இருக்கிறது. மழை பிடித்தால் எங்காவது மரம் கம்பிமேல் விழும், அப்புறம் நாள்கணக்கில் இருட்டுதான். அங்கே போய் மூச்சு இழுத்தால் என்ன செய்வாய் என்று எல்லாரும் அம்சத் பீவியைத் தடுத்தார்கள்.

"எம் மக அங்கன பயந்துக்கிட்டுப் படுத்துக் கெடப்பா. நான் இங்கன நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணுமாக்கும்?" என்று கேட்டாள் அவள்.

பதில் சொன்னது அவளுடைய தம்பி கமால். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரன், எதைக் கண்டாலும் வாங்கிப் போட்டுவிடும் ஆள். ஆண்டிபட்டிப் பக்கம் கரண்டு எடுக்கும் காத்தாடி நட வந்த ஒரு கம்பெனியின் இன்ஜினியர்கள் சைட்டிலேயே தங்குவதற்காக ஒரு டிரெய்லர் வைத்திருந்தார்கள். இரண்டு சக்கரம், தகரச் சுவர், உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு படுக்கை, ஒரு மூலையில் அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஆள் திரும்ப முடியாத ஒரு கக்கூஸ். வேலை முடிந்ததும் அதை ஏலத்தில் விட்டார்கள். கமால் எதற்கு என்று தெரியாமலேயே எடுத்து வந்து, தோப்பில் நிறுத்தி, தேங்காய் போட்டு வைத்திருந்தான்.

"மக தாய்வீட்டுக்கு வர முடியலைன்னா, தாய்வீடு மககிட்டப் போகட்டுமேக்கா" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்சத் பீவி மட்டும் சிரிக்காமல் அந்த டிரெய்லரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தேங்காயை அள்ளிவிட்டு நன்றாகக் கழுவச் சொன்னாள். அதோடு முடிவாகிவிட்டது.

கரண்டு வேலை யாருடையது என்று கேட்கவா வேண்டும்? அஜீஸுக்கு ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு வேலை கிடைத்ததே இல்லை. டிரெய்லரில் இருந்தது ஒரு செத்த பேட்டரியும், கண் சிமிட்டும் ஒரு டியூப் லைட்டும்தான். இரண்டையும் பிடுங்கி எறிந்தார். நல்ல பேட்டரி ஒன்றை வாங்கி, கமாலின் ஜீப்பில் பின்சீட்டுக்கு அடியில் பெட்டி அடித்து வைத்தார். வண்டி ஓடும்போது அதுவே சார்ஜ் ஆகிக்கொள்ளும், தன் கண் பார்வையிலும் இருக்கும் என்பது அவர் கணக்கு. மிஷினை ஓட்டும் இன்வெர்ட்டர், டிரெய்லருக்குள் மனைவியின் தலைமாட்டில். ஜீப்பிலிருந்து அங்கே வரைக்கும், வீட்டில் பல்புக்கு இழுக்கிற மெல்லிய வயரை ஓரம் ஓரமாக, கிளிப் அடித்து, பார்க்க அழகாக இழுத்துக்கொண்டு போனார்.

கமாலுக்கு அந்த வயரைப் பார்த்ததும் சந்தேகம். இது தாங்குமா மச்சான் என்று கேட்டுவிட்டான். அஜீஸுக்குச் சுருக்கென்றது. பதினோராயிரம் வோல்ட்டே சுண்டுவிரல் பருமன் கம்பியில் மலை தாண்டிப் போகிறது, இது வெறும் பன்னிரண்டு வோல்ட், நாக்கில் வைத்தால்கூடக் கூச்சம்தான் தெரியும், இதற்கு இந்த வயரே அதிகம் என்று ஒரு பிரசங்கம் வைத்தார். வாழ்நாள் முழுக்கப் பெரிய வோல்டேஜுக்குப் பயந்து பயந்து வேலை பார்த்தவருக்குச் சின்ன வோல்டேஜ் என்றால் ஒரு இளக்காரம். அது ஆளைக் கொல்லாது, ஆகையால் அதை மதிக்க வேண்டியதில்லை. அந்த நினைப்புதான் அவரைக் கவிழ்த்தது.

வேலை முடிந்ததும் ஜீப்பில் பேட்டரிமேல் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஆறு. டிரெய்லரில் லைட் பளிச்சென்று எரிந்தது. இனி எத்தனை மரம் விழுந்தாலும் உன் மிஷினுக்கு நான் பொறுப்பு என்று மனைவியிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னார்.

அம்சத் பீவி விவரமானவள். மலைக்குப் போகும் முன் சுருளித் தீர்த்தத்துப் பக்கம் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிடலாம், அருவிக் குளிரில் தாங்கினால் மேலேயும் தாங்கும் என்றாள். அங்கே ஒரு தோப்பில் டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராத்திரி நன்றாகத்தான் தூங்கினாள். விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பம்ப் அடித்தாள், அடங்கவில்லை. முகமூடியை மாட்டி மிஷினைப் போட்டாள். மிஷின் கர்ரென்று ஓட ஆரம்பித்தது. ஒரு வாய் ஆவி உள்ளே போயிருக்கும், இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தி, மிஷின் நின்றுவிட்டது.

அஜீஸ் வெளியே பாய்ந்தார். ஓடினது எங்கே? ஜீப்புக்கு. பேட்டரியில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை. தெளிவாக, அசையாமல் நின்றது.

"கரண்டு இருக்கே! இங்கன நல்லா இருக்கே! சுவிட்சப் பாரு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

உள்ளே கமால் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் மிஷின் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. அம்சத் பீவி படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். உதடு கருத்துப்போய்விட்டது. வெளியிலிருந்து மறுபடியும் அஜீஸின் குரல் வந்தது, கரண்டு இருக்கே என்று. கமாலுக்கு வந்த கோபத்தில் மச்சான் என்றுகூடப் பார்க்காமல் ஏதோ திட்டினான். அக்காளைத் தூக்கிவந்து முன்சீட்டில் உட்காரவைத்து, டிரெய்லரைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே இழுத்துக்கொண்டு கம்பத்துக்குப் பறந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆவி பிடிக்கவைத்த பிறகு அவளுக்கு நிறம் திரும்பியது. அஜீஸ் வராந்தாவில் கையில் மீட்டரோடு நின்றுகொண்டிருந்தார். அதை வைத்துவிட்டு வர வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்வெர்ட்டர் சரியில்லை என்றார், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார், மிஷினுக்கே வயசாகிவிட்டது என்றார். பேட்டரியில் பன்னிரண்டரை இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்சத் பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"நீங்க அங்கன நின்னு பாத்துட்டு இருக்கு இருக்குங்குறீக. நான் இங்கன படுத்துக் கெடக்கேன். எனக்கு வந்து சேந்துச்சான்னு ஒரு நாளாச்சும் இங்கன வந்து பாத்தீகளா?"

அவள் பேட்டரியைத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்டது பேட்டரி மட்டுமில்லை. புயல் அடித்த ஒவ்வொரு ராத்திரியும் ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்க அவர் ஓடிவிட, சொந்த வீட்டில் சிம்னி விளக்கோடு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. திரும்பி வந்ததும் கரண்டு வந்துவிட்டதா என்று வாசலில் நின்றபடியே கேட்பார். வந்துவிட்டது என்று உள்ளேயிருந்து சொல்வாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுத்த பியூஸைப் பார்க்கப் போய்விடுவார். வீட்டுக்கு என்ன வந்து சேர்ந்தது என்று அவர் அளந்து பார்த்ததில்லை. அவருக்கு வலித்தது. ஆனாலும் சட்டென்று ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? எழுந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் கமாலின் தோப்பில், டிரெய்லரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த இடத்துக்குத் தனியாகப் போனார். ஜீப்பும் அங்கேதான் நின்றது. எல்லா வயரையும் பழையபடி மாட்டினார். உள்ளே போய் மனைவி படுத்திருந்த படுக்கையில் உட்கார்ந்து, மிஷினைப் போட்டுவிட்டு, இன்வெர்ட்டருக்கு வயர் வந்து சேரும் முனையில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டில் இருந்த எண் பதினொன்றானது. மிஷின் வேகம் பிடிக்கப் பிடிக்கப் பத்தானது. பத்துக்கும் கீழே இறங்கியது, இன்வெர்ட்டர் கீச்சிட்டது, எல்லாம் நின்றது. நின்றவுடன் எண் ஒன்றும் நடக்காதது மாதிரி பன்னிரண்டரைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. வயரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொள்ள அவருக்கு யாரும் தேவையில்லை, அதுதான் கொடுமை. வோல்டேஜ் பெரிதானால் கரண்டு குறைவாகப் போகும், மெல்லிய கம்பி போதும். வோல்டேஜ் சின்னதானால் அதே வேலைக்குக் கரண்டு அள்ளிக்கொண்டு ஓட வேண்டும், கம்பி தடியாக இருக்க வேண்டும், தூரம் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற வழியிலேயே பாதியைக் கம்பி தின்றுவிடும். தெரியாததா இது? அவர் வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் லைனின் கடைசிப் போஸ்ட்டில் ஒரு வீடு இருந்தது. ஜெயமங்கலத்துப் பக்கம் நல்லகண்ணு என்ற விவசாயச் சம்சாரி, கிணத்து மோட்டார் உறுமுகிறதே தவிரச் சுற்ற மாட்டேன் என்கிறது என்று வந்து வந்து நிற்பார். அஜீஸ் போய் டிரான்ஸ்பார்மரில் மீட்டரை வைத்துப் பார்ப்பார். இருக்கே என்பார். மோட்டார் ஓடும்போது என் கிணத்துக்கிட்ட வந்து அளந்து பாருங்கய்யா என்று நல்லகண்ணு கேட்பார். அதற்கெல்லாம் நேரம் ஏது?

படுக்கையில் உட்கார்ந்தபடியே அஜீஸுக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை அது. தன் சம்சாரத்தையே கடைசிப் போஸ்ட்டில் படுக்கவைத்துவிட்டு, டிரான்ஸ்பார்மரடியில் நின்று இருக்கு இருக்கு என்று கத்தியிருக்கிறோமே என்று நினைத்து நினைத்து அழுதார்.

வீட்டுக்கு வந்து அம்சத் பீவியிடம் சுருக்கமாகச் சொன்னார், தப்பு தன் பேரில்தான் என்று. வயரைக் காட்டி, மெல்லியதாகப் போட்டுவிட்டேன், வழியிலேயே தின்றுவிட்டது என்றார். அவள் உடனே சமாதானமாகிவிடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் மலையில் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேர மாட்டேன், அதை நினைத்துக்கொண்டு வேலை பாருங்கள் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். வேலை முடிந்ததும் அளக்கப்போவது நான்தான், நான் படுத்திருக்கிற இடத்தில், மிஷின் ஓடும்போது.

அப்புறம் அஜீஸ் வேலை பார்த்ததைப் பார்க்க வேண்டும். முதலில் தேனிக்குப் போய் டியூபுலர் பேட்டரி ஒன்று, நின்று நிதானமாக உழைக்கிற சாதி, பெரியதாக வாங்கினார். அதைத் தூக்கிவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஜீப்பில் வைக்கவில்லை. பேட்டரியே அவளிடம் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார். படுக்கைக்கு அடியில் வைக்கலாம் என்று கமால் சொன்னபோது மட்டும் முறைத்தார். ஆசிட் வாடை அவள் நெஞ்சுக்கு ஆகுமா? ஆகவே அவள் தலைமாட்டுத் தகரச் சுவருக்கு வெளிப்பக்கம், காற்றுப் போக ஓட்டை விட்ட ஒரு இரும்புப் பெட்டியை வெல்டு வைத்து, பேட்டரியை அதில் உட்காரவைத்தார். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இப்போது ஒரு முழம்கூட இல்லை.

சார்ஜ் ஏற்றத்தான் ஜீப்பிலிருந்து வயர் வர வேண்டும். அதற்கு வெல்டிங் பட்டறையில் போடுகிற கட்டைவிரல் பருமன் செம்புக் கேபிளை வாங்கி வந்தார். ஜீப் ஓடும்போது மட்டும் ஜீப்பின் சொந்தப் பேட்டரியையும் இதையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடுகிற ரிலே ஒன்றும் வைத்தார். இல்லாவிட்டால் இவள் மிஷின் போடப் போட, காலையில் ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் கமால் தள்ளிக்கொண்டு திரிய வேண்டும். சலீம் வீட்டுக் கரண்டு இருக்கிற நேரம் அதிலிருந்து ஏற்றிக்கொள்ள ஒரு சார்ஜர். கூரையில் ஒரு சோலார் பலகை. மலையில் மழைக் காலத்தில் சூரியனை எங்கே தேடுவீர்கள் என்று கமால் கிண்டல் செய்தான். கிடைக்கிற நாளைக்குக் கிடைக்கட்டும், மற்ற நாளைக்கு உன் ஜீப்பை ஓடவிடு என்றார். எதையும் ஒன்றை மட்டும் நம்பி விட்டுவைக்கிற புத்தி அவருக்குப் போய்விட்டிருந்தது. கேபிளைப் பார்த்து இது மலைப்பாம்பு மாதிரி இருக்கே மச்சான் என்று அவன் சொன்னபோதுகூட அவர் பிரசங்கம் வைக்கவில்லை.

சோதனை அன்று அம்சத் பீவி போய்ப் படுக்கையில் சாய்ந்துகொண்டாள். மிஷினைப் போடச் சொன்னாள். மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் அவரே அவள் கையில் கொடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி மூன்று. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு புள்ளி இரண்டு. அங்கேயே நின்றது. மருந்து ஒரு வேளைக்கு எவ்வளவு நேரம் ஓடுமோ, அதற்கு இரண்டு மடங்கு ஓடவிட்டுத்தான் நிறுத்தினாள். எழுந்து போய், பெட்டியில் புடவை அடுக்க ஆரம்பித்தாள்.

ஜீப் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறியதை ஏலத்தோட்டத்து ஆட்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு வளைவிலும் கமால் இறங்கிப் பார்த்து, ஏறிப் பார்த்து, கல் வைத்து, நகர்த்தி நகர்த்தி ஏற்றினான். சலீம் வீட்டு முற்றத்தில், பலாமரத்துக்குப் பக்கத்தில், மகள் படுத்திருக்கும் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார்கள். பாஜிலாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. எங்க வீட்டுல எடமில்லையா சம்பந்தி என்று கேட்டேவிட்டாள். அம்சத் பீவி அவள் கையைப் பிடித்து டிரெய்லருக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, தன் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தாள். நான் உங்க வீட்டுக்கு வரலை, நீங்கதான் எங்க வீட்டுக்கு வந்திருக்கீக என்றாள். பாஜிலா சிரித்துவிட்டாள்.

அப்புறம் மழை பிடித்தது. மலை மழையை அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வாரம் எங்கோ ஒரு சந்தனவேம்பு மரம் கம்பிமேல் சாய்ந்து, வீடு இருட்டில் கிடந்தது. கமால் தினம் காலையிலும் சாயங்காலமும் வந்து, கேபிளை மாட்டி ஜீப்பைச் சும்மா ஓடவிட்டு நின்றான். அதில் ஒரு நாள் விடிந்ததும் அம்சத் பீவிக்கு இழுத்தது. சுருளியில் இழுத்ததைவிட அதிகம்.

அஜீஸ் வெளியே ஓடவில்லை. எதிர்ப் படுக்கையிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டி, மிஷினைப் போட்டார். மீட்டரைத் தலைமாட்டில் வைத்து எண்ணைப் படித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு புள்ளி இரண்டு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பன்னிரண்டு புள்ளி ஒன்று என்றார். அவளால் பேச முடியவில்லை. அவர் தொடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு மருந்து தீர்ந்து இன்னொன்றும் ஊற்றிய பிறகு மூச்சு இறங்கி ஒழுங்குக்கு வந்தது. அதற்கப்புறம்தான் அவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

எதிர் ஜன்னலில் ஃபர்ஹீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த பெண். அம்மாவுக்கு என்ன என்று கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை போல. அம்சத் பீவி முகமூடியைக் கழற்றிவிட்டு, போய்ப் படு ஆத்தா, எனக்கு ஒண்ணுமில்ல என்று சொல்லிக் கையைக் காட்டினாள். அந்தச் சின்னச் சத்தம் மழையிலும் ஜன்னல்வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாடியே பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் நல்ல குரல். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்று மழை விட்டிருந்தது, ஆனால் கரண்டு இன்னும் வரவில்லை. ஜீப் முற்றத்தில் வந்து நின்றதும் எந்தப் பக்கம் போவது என்று எல்லாரும் தயங்கினார்கள். ஒரு பக்கம் வீட்டு வாசல், இன்னொரு பக்கம் டிரெய்லரின் இரும்புப் படி. பாஜிலாதான் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்து, நாற்பது நாள் தாய்வீட்டில்தானே இருக்க வேண்டும் என்று சொல்லி, டிரெய்லர் படியேறி உள்ளே போனாள். ஃபர்ஹீன் அழுதுகொண்டே பின்னால் ஏறினாள்.

அஜீஸின் படுக்கை தாய்க்கும் பிள்ளைக்கும் ஆனது. அவருக்கு இனி, ராத்திரி முற்றத்திலேயே நிற்கப்போகும் ஜீப்பில்தான் படுக்கை. தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு அவர் இறங்கப் போனபோது அம்சத் பீவி கூப்பிட்டாள். குழந்தைக்குச் சூடு வேண்டுமென்று அந்தப் பக்கத்துச் சுவரில் அவரே ஒரு பல்பு மாட்டியிருந்தார், பேட்டரியிலிருந்து அது கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது.

"ஏங்க, மிஷினப் போட்டுட்டு, பிள்ள படுத்திருக்குற பக்கம் எவ்வளவு வருதுன்னு பாருங்க" என்றாள்.

நான்தான் அங்கேயும் கேபிள் போட்டிருக்கிறேனே என்று பழைய அஜீஸாக இருந்தால் சொல்லியிருப்பார். இவர் போர்வையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மிஷினை ஓடவிட்டார். குழந்தையை எழுப்பிவிடாமல் மண்டி போட்டு உட்கார்ந்து, பல்பின் முனையில் மீட்டரை வைத்து, கண்ணாடி இல்லாத கண்ணால் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"பன்னெண்டு இருக்கு" என்றார் மெதுவாக.

"இருக்கா, வந்து சேந்துருச்சா?"

"வந்து சேந்துருச்சு அம்சத்து."

அவள் மிஷினை நிறுத்தினாள். அவர் உடனே இறங்கிப் போகவில்லை, பிள்ளையின் பக்கத்தில் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.